குறிப்பேட்டில் மட்டும் கூடும் குழுக்கள்

சென்ற ஆண்டு குடலிறக்க அறுவை சிகிச்சைக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் சில நாள்கள் தங்க நேர்ந்தது. இரண்டாம் நாள் இரவு, மணி இரண்டு இருக்கும். பக்கத்துப் படுக்கையில் இருந்த முதியவருக்கு ஊசி போட்ட இளம் செவிலியர், பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் உறை மாட்ட முயன்றார். அது அவர் விரலில் குத்திவிட்டது. கையுறையைக் கழற்றிக் குழாயில் விரலைக் கழுவிவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். திரும்பி வந்தபோது, "இதைப் பதிவு செய்தீர்களா அம்மா?" என்று கேட்டேன். "பதிவு பண்ணினா, ஏன் கவனமா இல்லைன்னு மெமோ கொடுப்பாங்க சார். நான் சேர்ந்தே நாலு மாசம்தான் ஆகுது" என்றார்.

பயன்படுத்திய ஊசிக்கு உறை மாட்டக் கூடாது என்பது செவிலியர் பயிற்சியின் தொடக்கப் பாடம். அவருக்கும் அது தெரியும். ஆனால், ஊசிகளைப் போடுவதற்கான துளைபடாத வெள்ளைக் கலன் மாலையிலேயே நிரம்பியிருந்தது. அதை மாற்ற வேண்டியவர் ஒப்பந்த நிறுவனத்தின் தூய்மைப் பணியாளர். இரவில் மூன்று தளங்களுக்கு அவர் ஒருவர்தான். ஊசியைக் கையிலேயே வேறிடத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்ததால் செவிலியர் உறை மாட்டினார். அவர் வாங்கக்கூடிய மெமோவில் கலனைப் பற்றியோ, ஒப்பந்தத்தைப் பற்றியோ ஒரு வரியும் இருந்திருக்காது.

ஊசிக் குத்து சிறு காயம்தானே என்று எண்ணக் கூடாது. தடுப்பூசி போடாத ஒருவருக்கு, ஹெபடைடிஸ் பி தொற்றுள்ளவரின் ரத்தம் படிந்த ஊசி குத்தினால், தொற்று பரவும் வாய்ப்பு 30 விழுக்காடு வரை உண்டு. எச்ஐவி என்றால் அது சுமார் 0.3 விழுக்காடு. எச்ஐவி தடுப்பு மருந்தை இயன்றால் ஓரிரு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். ஹெபடைடிஸ் பி வெளிப்பட ஆறு மாதங்கள்கூட ஆகலாம். மருத்துவப் பணியில் ஏற்படும் தொற்றுநோய்கள் இழப்பீட்டுக்குரிய தொழில்சார் நோய்களின் பட்டியலில் இடம்பெற்றிருப்பது உண்மைதான். ஆனால், ஊசி குத்திய இரவைப் பற்றிய பதிவே இல்லாதவர், ஆறு மாதம் கழித்து எதைக் காட்டி இழப்பீடு கோருவார்?

இதில் சட்டத்தின் பங்கும் உண்டு. 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், ஊழியர்கள் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் ஆண்டுக்கொரு முறை உடல் பரிசோதனையும் செய்யவேண்டும் என்கின்றன. 30 படுக்கைகளும் அதற்கு மேலும் உள்ள மருத்துவமனைகளில் ஒரு குழு ஆறு மாதங்களுக்கு ஒருமுறை கூடவேண்டும் என்றும் கூறுகின்றன. ஆனால், அதே விதிகளில் 'பெரும் விபத்து' என்பதற்கான வரையறையிலிருந்து ஊசிக் குத்து வெளிப்படையாக விலக்கப்பட்டிருக்கிறது. கழிவு ஏற்றிய லாரி கவிழ்ந்தால் பெரும் விபத்து. செவிலியரின் விரலில் ஊசி குத்தினால் ஆண்டறிக்கையில் ஒரு எண்ணாகச் சேர்த்தால் போதும். அந்த எண்ணும் யாராவது பதிவு செய்திருந்தால்தான் சேரும்.

மருத்துவமனையைவிட்டுக் கிளம்பிய அன்று, மின்தூக்கிக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டமிட்ட பலகை ஒன்றைப் பார்த்தேன். 'பாதுகாப்புக் குழு' என்ற தலைப்பின் கீழ் ஏழு பெயர்கள். செவிலியர் கண்காணிப்பாளர் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் நிர்வாகத்தினர், துறைத் தலைவர்கள். இரவுப் பணி பார்க்கும் செவிலியர் ஒருவர்கூட இல்லை. கலனை மாற்றும் தூய்மைப் பணியாளருக்கு அப்படியொரு குழு இருப்பதே தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு முழுமையாக உண்டா என்பதில் ஐயம்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பணியாற்றியவன். தர மதிப்பீட்டுக்கு வெளியிலிருந்து ஆள்கள் வருவதற்கு முந்தைய வாரம், நடக்காத கூட்டங்களின் குறிப்பேடு மேசைக்கு மேசை வரும். நானும் கையெழுத்திட்டிருக்கிறேன். அந்தக் குழுக்கள் செயல்படாமல் போனதற்கு உறுப்பினர்களின் சோம்பலைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. குழு எதைச் சொன்னாலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

பொருளியல் மாணவர்களுக்கு நான் ஆண்டுதோறும் நடத்திய பாடம் ஒன்று இங்கு பொருந்தும். ஆபத்து மிகுந்த வேலைக்குக் கூடுதல் ஊதியம் கிடைக்கும்; ஆகவே, சந்தையே பாதுகாப்புக்கு விலை வைத்துவிடும் என்றார் ஆடம் ஸ்மித். அதற்குத் தொழிலாளிக்கு ஆபத்தின் அளவு தெரிந்திருக்க வேண்டும். வேலையை விட்டுப் போகும் வலிமையும் இருக்க வேண்டும். மருத்துவமனையில் இரண்டும் அரிது. எந்தப் பிரிவில் எத்தனை பேருக்கு ஊசி குத்தியது, எந்தப் பிரிவில் உறவினர்கள் செவிலியரை அடிக்க வந்தார்கள் என்ற தகவல் வேலைக்குச் சேர்பவருக்குக் கிடைக்காது. பல நேரங்களில் நிர்வாகத்துக்கே கிடைப்பதில்லை. அது பணியாளர்களின் மனத்தில் மட்டும் இருக்கிறது.

ஒரு நிறுவனம் சீர்கெடும்போது அதில் இருப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு, வெளியேறலாம் அல்லது குரல் எழுப்பலாம் என்று 1970-இல் எழுதினார் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன். குரலுக்கு வழியில்லாத இடத்தில் மிஞ்சுவது வெளியேற்றம். நம் செவிலியர்கள் வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் செல்வதற்கு ஊதியம் முதற்காரணம் என்பதை மறுக்கவில்லை. அது மட்டுமே காரணம் என்பதை ஏற்க இயலவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்குச் சென்றபோது அந்தச் செவிலியர் அங்கு இல்லை. வேலையை விட்டுவிட்டார் என்றார்கள். எங்கே போனார், ரத்தப் பரிசோதனை செய்துகொண்டாரா என்பது யாருக்கும் தெரியவில்லை.

பணியிடப் பாதுகாப்புக் குழு என்பது நமக்குப் புதிய கருத்தல்ல. போபால் பேரழிவுக்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான பொருள்களைக் கையாளும் ஆலைகளில் தொழிலாளர்களும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் அமரும் குழு கட்டாயமானது. மருத்துவமனை 'தொழிற்சாலை' என்ற வரையறைக்குள் வராது. அதனால் அந்த ஏற்பாடு அங்கே எட்டவில்லை. ரசாயன ஆலைத் தொழிலாளிக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக ஏட்டளவிலேனும் உள்ள உரிமை, காசநோய்ப் பிரிவில் பணியாற்றுபவருக்கு இல்லை.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணிசார் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு இந்த வேலியைப் பெருமளவு அகற்றியிருக்கிறது. பத்தும் அதற்கு மேலும் பணியாளர்கள் உள்ள நிறுவனங்கள் இதன்கீழ் வரும். உடனடி ஆபத்து இருப்பதாக அஞ்சும் பணியாளர், அதை நேரடியாகவோ பாதுகாப்புக் குழு உறுப்பினர் மூலமாகவோ நிர்வாகத்திடம் தெரிவிக்கலாம் என்கிறது 14-ஆவது பிரிவு. நல்ல ஏற்பாடு. ஆனால், அந்தக் குழுவை அமைப்பது பற்றிய 22-ஆவது பிரிவோ, உரிய அரசு ஆணையிட்டு அமைக்கச் சொல்ல'லாம்' என்று நிறுத்திக்கொள்கிறது. பணியாளர் தரப்பு எண்ணிக்கை நிர்வாகத் தரப்பைவிடக் குறையக் கூடாது என்று சொல்லும் அதே பிரிவு, குழுவின் பரிந்துரைக்கு எத்தனை நாளில் பதில் தரவேண்டும் என்று சொல்லவில்லை.

பதில் தரும் கடமை என்ன செய்யும் என்பதை கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் காணலாம். அங்கே இருபதும் அதற்கு மேலும் பணியாளர்கள் உள்ள பணியிடங்களில் கூட்டுப் பாதுகாப்புக் குழு பொதுவாகக் கட்டாயம். உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாதோர் பணியாளர்கள். அவர்களை நிர்வாகம் நியமிக்க முடியாது, பணியாளர்களோ தொழிற்சங்கமோதான் தெரிவு செய்யும். இரு தரப்புக்கும் தலா ஒரு தலைவர். கூட்ட நேரம் ஊதியம் பெறும் பணி நேரமே. குழு எழுத்தில் தரும் பரிந்துரைக்கு நிர்வாகம் 21 நாள்களுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். ஏற்க மறுத்தால் காரணம் கூறவேண்டும். நான் பெரிதாக நினைப்பது இந்த 21 நாள் விதியைத்தான். 'பார்க்கலாம்' என்ற சொல்லுக்கு அது இடம் தருவதில்லை.

அத்தகைய சட்டம் இருந்தும் ஒன்டாரியோ தவறியது. 2003-இல் சார்ஸ் நோய் டொராண்டோ மருத்துவமனைகளில் பரவியது. மாகாணத்தில் இறந்த 44 பேரில் இரு செவிலியர்களும் ஒரு மருத்துவரும் அடக்கம். முதல் அலை ஓய்ந்துவிட்டது என்று அறிவிக்கப்பட்ட பின்பு, ஒரு மருத்துவமனையின் செவிலியர்கள் புதிய நோயாளிகளிடம் அதே அறிகுறிகளைக் கண்டு எச்சரித்தார்கள். அவர்களது பேச்சு எடுபடவில்லை. இரண்டாம் அலை எழுந்தது. நீதிபதி ஆர்ச்சி கேம்பெல் தலைமையிலான ஆணையம், பாதுகாப்புக் குழுக்கள் ஓரங்கட்டப்பட்டதைக் குறைகளில் ஒன்றாகச் சுட்டியது. அறிவியல் முழு உறுதி தரும்வரை காத்திராமல் பாதுகாப்பு நடவடிக்கையைத் தொடங்க வேண்டும் என்பதே அதன் தலையாய பரிந்துரை. நெருக்கடி வரும்போது முதலில் ஒதுக்கப்படுவது இத்தகைய குழுக்கள்தான் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

நம் நாட்டில் இந்தப் பேச்சு எழுவது வன்முறை நிகழும்போது மட்டும்தான். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில், நீண்ட பணிக்கிடையே கருத்தரங்க அறையில் ஓய்வெடுத்த பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டார். உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்துக்கொண்டு தேசியப் பணிக்குழுவை அமைத்தது. அந்தப் பணிக்குழு ஆராய வேண்டியவற்றில் ஒன்றாக, ஒவ்வொரு மருத்துவமனையிலும் மருத்துவர்கள், பயிற்சி மருத்துவர்கள், செவிலியர்கள் அடங்கிய ஊழியர் பாதுகாப்புக் குழு காலாண்டுக்கு ஒருமுறை தணிக்கை செய்வதை நீதிமன்றம் குறிப்பிட்டது. மூன்று மாதத்தில், சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார். மருத்துவமனைகளில் வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008 முதலே தனிச்சட்டம் உண்டு. அது குத்தியவரைத் தண்டிக்கும். எந்தக் கதவுக்குக் காவலில்லை, ஓய்வறை ஏன் இல்லை என்று முன்கூட்டிக் கேட்பது அதன் வேலையல்ல.

வன்முறை குறித்த அக்கறையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், கண்காணிப்பு கேமராவும் காவலாளியும் வந்துவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டதாக எண்ணுவது பிழை. நோயாளியைத் தூக்கிப் புரட்டுவதால் வரும் முதுகுவலி, காற்றோட்டமில்லாத அறையில் பரவும் காசநோய், மூடிக்கிடக்கும் அவசர வழி ஆகியவற்றை கேமரா காட்டாது. கொல்கத்தாவின் ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில் 2011 டிசம்பரில் அடித்தளத்தில் பற்றிய தீயின் புகையால் ஏறத்தாழ 90 பேர் மாண்டனர். நோயாளிகளை மீட்க முயன்று உயிரிழந்த கேரளச் செவிலியர் இருவரும் அவர்களுள் அடக்கம். அடித்தளத்தில் எரியக்கூடிய பொருள்கள் குவிந்திருந்ததை அன்றாடம் அங்கே நடமாடியவர்கள் பார்த்திருப்பார்கள்.

முதியோர் இல்லங்களைப் பற்றியும் ஒரு சொல். நம் ஊர்களில் பெருகிவரும் இவ்வில்லங்கள் பலவற்றில் ஐந்தாறு பெண்களே வேலை செய்கிறார்கள். பத்துப் பேர் என்ற வரம்பு அவர்களைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. அங்கே குழு அமைப்பது இயலாது. வட்டார அளவில் பல இல்லங்களுக்குப் பொதுவாக ஒரு பணியாளர் பிரதிநிதியை நியமிப்பது பற்றி யோசிக்கலாம்.

இன்னொரு குழுவா, மருத்துவருக்கு நேரம் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் என்பது, ஒரு செவிலியர் விலகியபின் புதியவரைத் தேடிப் பயிற்சி தருவதைவிடச் செலவு குறைந்தது. மெய்யான இடர்ப்பாடு வேறொன்று. ஒப்பந்தப் பணியாளரைக் குழுவில் சேர்த்தால், அவர் தங்கள் ஊழியர் அல்லர் என்ற மருத்துவமனையின் வாதம் வலுவிழந்துவிடும் என்ற அச்சம் நிர்வாகங்களுக்கு இருக்கிறது. இதற்காகவே தூய்மைப் பணியாளரும் காவலாளியும் விலக்கப்படுவார்கள். குழுவில் இடம்பெறுவது வேலை உறவு குறித்த எந்த வழக்கிலும் சான்றாகாது என்று ஆணையிலேயே ஒரு வரி சேர்த்தால் இந்த அச்சம் தீரும்.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 22-ஆவது பிரிவின்கீழ் மருத்துவமனைகள் என்ற வகை நிறுவனங்களுக்கு மாநில அரசு ஒரு பொது ஆணை பிறப்பித்தால் போதும். பணியாளர் உறுப்பினர்களை மறைமுக வாக்கெடுப்பில் தெரிவு செய்வது, அவர்களில் ஒருவராவது இரவுப் பணியாளராகவும் ஒருவராவது ஒப்பந்தப் பணியாளராகவும் இருப்பது, பரிந்துரைக்கு 21 நாளில் எழுத்தில் பதில், ஊசிக் குத்தைப் பதிவு செய்தவர்மீது அதற்காகவே நடவடிக்கை எடுக்கத் தடை ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். கூடவே மற்றொரு விளக்கமும் தேவை. இத்தொகுப்பு மத்திய, மாநில அரசு அலுவலகங்களுக்குப் பொருந்தாது. அங்குள்ள ஒப்பந்தத் தொழிலாளருக்கு மட்டும் பொருந்தும். அரசு மருத்துவமனை இந்தச் சட்டத்தின் பார்வையில் அலுவலகமா, இல்லையா? மாவட்டத் தலைமை மருத்துவமனையின் நிரந்தரச் செவிலியருக்கு இந்தக் குழு உண்டா என்பது அந்த விடையைப் பொறுத்தே அமையும். மாநில அரசு அதைத் தன் ஆணையிலேயே சொல்லிவிடலாம்.