ஊன ஓய்வூதியம்: மெய்ப்பிக்கும் சுமை யாருடையது?

படைப்பணியில் உடல்நலம் இழந்து திரும்பும் வீரருக்கு ஊன ஓய்வூதியம் மறுக்கப்படும்போது பெரும்பாலும் சொல்லப்படும் காரணம் ஒன்றே: நோய் பணியால் விளையவில்லை, பணியால் முற்றவும் இல்லை.

தரம்வீர் சிங் 1985இல் தரைப்படையில் சேர்ந்தார். வலிப்பு நோயால் 20 விழுக்காடு ஊனம் எனக் கணிக்கப்பட்டு 1994இல் வெளியேற்றப்பட்டார், ஓய்வூதியமும் மறுக்கப்பட்டது. 2013 சூலை 2 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பணியில் சேரும்போது பதிவு செய்யப்படாத நோய், பணியின் விளைவு என்றே கொள்ளப்பட வேண்டும். அதை மறுத்து மெய்ப்பிக்கும் சுமை அரசுடையது. மருத்துவக் குழு தன் முடிவுக்குக் காரணம் எழுத வேண்டும். இதுவே தீர்ப்பின் சாரம். இதைப் பெற அவருக்கு 19 ஆண்டுகள் ஆயின.

காலத்தாழ்வுக்கு விலையும் உண்டு. 1983இல் வெளியேற்றப்பட்ட தர்சேம் சிங் 1999இல்தான் நீதிமன்றத்தை அணுகினார். உரிமை அழியவில்லை எனினும், நிலுவையை மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே வழங்க 2008இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஏறத்தாழ 13 ஆண்டுத் தொகை போயிற்று.

இந்த இழப்பு எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. தொப்பம்பட்டியின் நிலமற்ற தலித் குடும்பம் ஒன்றிற்குச் சென்னையிலுள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 400 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. நிலமுள்ளவர் வழக்கு முடியும்வரை காத்திருக்கலாம். கூலியை நம்பியவரால் இயலாது. அண்ணல் அம்பேத்கரின் தந்தை இராம்ஜி படையில் சுபேதாராக இருந்தவர். ஒடுக்கப்பட்டோருக்குப் படை ஊதியமும் ஓய்வூதியமும் கல்விக்கான வாயிலாக இருந்தன என்பதை அக்குடும்பத்தின் வரலாறே காட்டும்.

2022இல் வந்த அக்னிபாத் திட்டம் அவ்வாயிலை மேலும் குறுக்குகிறது. பணியால் ஊனமுறும் அக்னிவீரருக்கு வாழ்நாள் ஓய்வூதியம் இல்லை. ஊனம் 50, 75, 100 விழுக்காடு என்பதற்கேற்ப 15, 25, 44 இலட்சம் ரூபாய் ஒருமுறைத் தொகையாகத் தரப்படும். தரம்வீர் சிங் இன்று அக்னிவீரராக இருந்திருந்தால், அவருக்கும் வாழ்நாள் ஓய்வூதியம் இல்லை.

ஓய்வூதியம் அரசின் கருணைக்கொடை அன்று என 1982இலேயே நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. தோழர்கள் தம் ஊரில் செய்யத்தக்க முதற்பணி எளியது: மறுக்கப்பட்ட வீரரின் சேர்க்கைக்கால மருத்துவப் பதிவையும் மருத்துவக் குழு அறிக்கையையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறுங்கள். முன்னதில் நோய் குறிக்கப்படாமலும், பின்னதில் காரணம் எழுதப்படாமலும் இருந்தால், வழக்கின் பாதி அங்கேயே இருக்கிறது. விரைந்து தொடுங்கள், தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் நிலுவையில் ஒரு மாதத்தைத் தின்றுவிடும்.