காதைத் தீட்டுங்க, டாக்டர்!

ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது சந்தவாசல். இந்தப் பக்கத்தில் விறகு அடுப்பு இன்னும் ஒழியவில்லை. காஸ் வந்த வீட்டிலும் வெந்நீருக்கு விறகுதான். முப்பது வருஷம் புகையில் நின்று சமைத்த பெண்ணுக்கு ஐம்பது வயதில் மேடு ஏறினால் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது.

இப்படிப்பட்டவர் டாக்டரிடம் போனால் பல இடங்களில் என்ன நடக்கிறது? துணிக்கு மேலேயே இரண்டு இடத்தில் குழாயை வைக்கிறார்கள். "சளி கட்டியிருக்கும்மா!" ஒரு ஊசி, ஒரு பாட்டில் சிரப். ஆச்சு, அடுத்த ஆள்!

உண்மையில் அது மூச்சுக்குழாய் அடைப்பாக இருக்கலாம். உள்ளே போன காற்று வெளியே வர முடியாமல் திண்டாடும் வியாதி. டாக்டர்கள் சி.ஓ.பி.டி. என்பார்கள். பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு மட்டும்தான் வரும் என்பதில்லை. அடுப்புப் புகையும் போதும். 2016-ல் இந்தியாவில் சுமார் 5.5 கோடி பேருக்கு இது இருந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஆஸ்துமாக்காரர்கள் தனி.

2011-ல் நாடு முழுக்க 7,400 டாக்டர்களிடம் ஒரே நாளில் வந்த 2 லட்சம் நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். பாதிப் பேருக்கு மூச்சு சம்பந்தமான தொல்லை! அவர்கள் முதலில் போவது பெரிய ஆஸ்பத்திரிக்கு அல்ல; தெருமுனை டாக்டரிடம்தான்.

6 வினாடி

1816-ல் பாரிஸ் டாக்டர் லென்னெக் காகிதத்தைச் சுருட்டி நெஞ்சில் வைத்துக் கேட்டார். அப்படிப் பிறந்ததுதான் ஸ்டெதஸ்கோப். அது இன்று எல்லா டாக்டர் கழுத்திலும் தொங்குகிறது. கேட்கத்தான் நேரமில்லை!

சுலபமான சோதனை ஒன்று உண்டு. தொண்டைக்குழியில் ஸ்டெதஸ்கோப்பை வைக்க வேண்டும். "மூச்சை நல்லா இழுத்து, வாயைத் திறந்து வேகமா முழுசா ஊதி விடுங்க" என்று சொல்லி, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். காற்றுச் சத்தம் 6 வினாடியைத் தாண்டியும் கேட்டால் அடைப்பு என்று சந்தேகிக்கலாம். முதுகில் வெளிமூச்சு நீளுகிறதா, விசில் சத்தம் வருகிறதா என்றும் கேட்க வேண்டும்.

ஆனால் காது மட்டும் போதாது. அடைப்பு முற்றினால் சத்தமே குறைந்துவிடும். "சத்தம் இல்லை, நல்லா இருக்கு" என்று அனுப்பினால் ஆபத்து! இருதயக் கோளாறிலும் விசில் சத்தம் வரலாம். ஸ்பைரோமீட்டர் என்ற ஊதும் கருவிதான் முடிவு சொல்லும். காது செய்ய வேண்டிய வேலை, யாரை அந்தக் கருவிக்கு அனுப்புவது என்று பொறுக்கி எடுப்பது.

சந்தவாசல்காரர் வேலூருக்கோ திருவண்ணாமலைக்கோ போனால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் காரணத்தோடு அனுப்ப வேண்டும். அனுப்பாமலும் இருக்கக்கூடாது.

பக்கத்தில் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி, ஊரில் தொழில் நடத்தும் டாக்டர்களுக்குத் தொலைதூரக் கல்வியில் குடும்ப மருத்துவம் சொல்லிக் கொடுத்திருக்கிறது. 'குறைவாக அனுப்பு, நிறையத் தீர்த்து வை' என்பதே அதன் கொள்கை. அந்த வழியில் சுகாதாரத் துறையும் இறங்கட்டும். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களையும் தனியார் டாக்டர்களையும் உட்கார வைத்து, நிஜ நோயாளிகளின் நெஞ்சைக் கேட்கப் பழக்கட்டும். கேட்டது சரியா என்று கருவியில் ஊதச் சொல்லி அங்கேயே சரிபார்க்கட்டும். தாலுகாவுக்கு ஒரு கருவியாவது வரட்டும்.

ஒரு நோயாளிக்கு இதனால் கூடுதலாக ஆவது ஒரே நிமிஷம். அந்த ஒரு நிமிஷம் கிடைக்காமல்தான் பலர் வருஷக்கணக்கில் சிரப் குடித்துக் கொண்டிருக்கிறார்கள்!