காத்திருப்பதும் வீரம்தான்!



சேத்துப்பட்டில் பட்டுத்தறி ஓடும் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்திவிடுவார். அறுந்த முனைகளைத் தேடிப் பிணைத்த பிறகே நாடா மறுபடி ஓடும். அவசரப்பட்டால் புடவை பாழாகிவிடும்!

கடலுக்கடியில் போருக்குப் போன ஒருவருக்கும் இதே பொறுமை தேவைப்பட்டது. அவர் பெயர் வி.எஸ். ஷெகாவத்.

1971 டிசம்பரில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர் மூண்டது. அப்போது ஐ.என்.எஸ். கரஞ்ச் என்ற நீர்மூழ்கிக் கப்பலுக்கு அவர்தான் தலைவர். எதிரியின் கடற்பகுதிக்குள் சென்று காத்திருப்பது அவருடைய பணி.

சோவியத் நாட்டில் கட்டப்பட்ட அந்தக் கப்பலின் நீளம் சுமார் 91 மீட்டர். உள்ளே எழுபதுக்கும் மேற்பட்ட வீரர்கள். ஜன்னல் கிடையாது. நல்ல தண்ணீரை அளந்துதான் செலவழிக்க வேண்டும். நீருக்கடியில் கப்பல் பேட்டரியில் ஓடும். பேட்டரி தீர்ந்தால் மேலே வந்து, குழாய் வழியே காற்றை இழுத்து, டீசல் எஞ்சினை ஓட்டி மின்னேற்ற வேண்டும். எதிரியின் கண்ணில் படும் ஆபத்து அப்போதுதான் அதிகம்!

கடலின் மேலே கப்பல்கள் போய்வந்துகொண்டிருக்கும். அவற்றில் எதிரியின் கப்பலும் இருக்கலாம். போருக்குச் சம்பந்தமே இல்லாத நாட்டின் சரக்குக் கப்பலும் இருக்கலாம். எதிரியின் கப்பல்தான் என்று உறுதியாகத் தெரிந்த பிறகே தாக்க வேண்டும் என்பது கட்டளை. அறுந்த இழையைப் பிணைத்துவிடலாம். ஏவிய டார்பிடோவைத் திரும்ப அழைக்க முடியுமா?

கரஞ்ச் அந்தப் போரில் ஒரு கப்பலையும் மூழ்கடிக்கவில்லை. ஆனாலும், எதிரியின் கடலுக்குள் துணிந்து சென்று கடமையாற்றிய ஷெகாவத்துக்கு 'வீர சக்கர' விருது வழங்கப்பட்டது. 1993 முதல் 1996 வரை அவர் நம் கடற்படைக்கே தளபதியாக இருந்தார். பழைய கரஞ்ச் ஓய்வு பெற்ற பிறகு, அதே பெயரில் புதிய நீர்மூழ்கி 2021 மார்ச் 10 அன்று மும்பையில் கடற்படையில் சேர்ந்தது. அந்த விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வந்தவர் யார் தெரியுமா? அதே ஷெகாவத்தான்!

பழைய கரஞ்ச் வகையைச் சேர்ந்த ஐ.என்.எஸ். குர்சுரா, விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக இருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் உள்ளே போய்ப் பாருங்கள்.

குழந்தைகளே, வகுப்பில் பேனா காணாமல் போனால், "அவன்தான் எடுத்தான்!" என்று சொல்லிவிட நாக்கு துடிக்கும். அந்தச் சொல்லும் ஒரு டார்பிடோதான். ஏவிவிட்டால் திரும்பாது. உறுதியாகத் தெரியும் வரை காத்திருங்கள். அதற்கும் துணிச்சல் வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்