மிச்சம் வைத்த தோப்பு

கலிஃபோர்னியாவின் ரஷ்யன் ஆற்றங்கரையில் இருக்கும் கெர்ன்வில்லுக்கு ஒரு காலத்தில் 'ஸ்டம்ப்டவுன்' என்று பெயர். எங்கு பார்த்தாலும் வெட்டிய செம்மரங்களின் அடிக்கட்டைகள். அதனால் வந்த பெயர் அது. (நம் ஆந்திரக் காட்டுச் செம்மரம் வேறு, இது வானளாவும் ரெட்வுட்.) மரம் அறுக்கும் ஆலை வைத்திருந்த ஜார்ஜ் கெர்ன் என்பவரின் பெயர் பிறகு ஊருக்கு நிலைத்தது. 1877இல் ரயில் வந்தது, மரம் ஏற்றிப்போக. காடு தீர்ந்ததும் அதே தண்டவாளம் சான் ஃபிரான்சிஸ்கோ குடும்பங்களைக் கோடை விடுமுறைக்கு இறக்கிவிட்டது. 1970களின் இறுதியில், பல இடங்களில் இயல்பாக நடமாட முடியாத தன்பாலீர்ப்பாளர்களுக்கும் இந்த ஊர் இடம் கொடுத்தது.

என்னை அதிகம் தொடுவது ஜேம்ஸ் ஆம்ஸ்ட்ராங் செய்த காரியம். அவரும் மர வியாபாரிதான். ஆனாலும் 1870களிலேயே ஊருக்கு அருகே ஒரு தோப்பை வெட்டக்கூடாது என்று ஒதுக்கினார். 1917இல் சொனோமா மாவட்டம் அதை விலைக்கு வாங்கியது. அவர் பெயரைத் தாங்கி அங்கு நிற்கும் மரத்துக்கு வயது 1,400க்கு மேல். இன்று அந்த ஊருக்குப் பயணிகளை இழுப்பதில் ஆற்றுக்கு நிகரான பங்கு இந்தத் தோப்புக்கு உண்டு. ஆற்றை மட்டும் நம்ப முடியாது. 2019 பிப்ரவரியில் அது 45 அடிக்கு மேல் ஏறி ஊரையே தீவாக்கியது.

வெட்டி விற்ற மரத்தின் காசு ஒரு தலைமுறையோடு போயிற்று. வெட்டாமல் விட்டதுதான் இன்றும் ஊருக்குச் சோறு போடுகிறது. நம் மலைகளில் சுற்றுலாவுக்குத் திட்டம் போடுகிறவர்கள் இந்தக் கணக்கை முதலில் பார்க்கட்டும்.