இணைய அங்காடியும் கணினி விளையாட்டும்

ஆனைமலைத் தொடரின்மேல், தேயிலைத் தோட்டங்கள் சூழ அமைந்த ஊர் வால்பாறை. பொள்ளாச்சியிலிருந்து அவ்வூரை அடைய ஏறத்தாழ 64 கிலோமீட்டர் செல்லவேண்டும்; வழியில் 40 கொண்டையூசி வளைவுகளைக் கடக்கவேண்டும். கோவை நகரக் கடையில் ஒரு பொருளை வாங்கி மீள்வதற்குள் ஒரு பகற்பொழுது முழுதும் கழிந்துவிடும். கணினி விளையாட்டுகள் குறுந்தகடுகளில் விற்கப்பட்ட காலத்தில் மலையூர் இளைஞர்க்கு இத்தொலைவு பெருந்தடையாக இருந்தது. இன்றோ அவ்விளையாட்டுகள் இணையத்தின் வழியே இல்லத்திற்கே வந்து சேர்கின்றன. இம்மாற்றத்தின் நன்மையும் தீமையும் சீர்தூக்கிப் பார்க்கத் தக்கன.

இவ்வாறு விளையாட்டுகளை விற்கும் இணைய அங்காடிகளுள் மிகப் பெரியது ஸ்டீம் என்பதாகும். அமெரிக்க நாட்டு வால்வ் நிறுவனம் இதனை 2003 ஆம் ஆண்டில் தொடங்கிற்று. போலந்து நாட்டில் 2008 இல் தோன்றிய ஜி.ஓ.ஜி., 2018 இல் தொடங்கப்பெற்ற எபிக் ஆகியனவும் இவ்வகையினவே. வாங்குவோர் தமக்கென ஒரு கணக்கைத் தொடங்கி, விலையைச் செலுத்தி, விளையாட்டைத் தம் கணினியில் இறக்கிக்கொள்வர்.

இவ்வங்காடிகளால் விளையும் முதல் நன்மை வாங்குவோர்க்கு உரியது. நகரத்தார்க்கும் மலையூரார்க்கும் ஒரே நாளில், ஒரே விலையில், ஒரே பொருள் கிடைக்கின்றது. ஸ்டீம் அங்காடி 2015 முதல் இந்திய ரூபாயிலேயே விலை குறிக்கின்றது. வாங்கியது மனத்துக்கு ஒவ்வாவிடின், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடாதவர் 14 நாட்களுக்குள் பணத்தைத் திரும்பப் பெறலாம். விளையாட்டில் பிழை காணப்படின், அதற்குரிய திருத்தமும் இணையத்தின் வழியே வந்து சேர்கின்றது.

இரண்டாவது நன்மை படைப்போர்க்கு உரியது. தகடு செய்து, பெட்டியில் இட்டு, கடைதோறும் அனுப்புவதற்குப் பெரும்பொருள் வேண்டும். ஸ்டீமிலோ 100 டாலர் கட்டணம் செலுத்திச் சிறு குழுவினரும் தம் படைப்பை உலகின்முன் வைக்கலாம். கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு குழு 2023 இல் ‘வெண்பா’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்த்தாய் ஒருத்தி, சிதைந்த சமையற் குறிப்பேட்டின் துணைகொண்டு தாய்நாட்டு உணவுகளைச் சமைப்பதும், தமிழை விட்டு விலகும் மகனோடு உறவு பேணுவதும் அதன் கதை. யாப்பின் பெயர் தாங்கிய அப்படைப்பு, முதற்படைப்புக்குரிய பாஃப்டா விருதை 2024 இல் பெற்றது. கடைகளை மட்டுமே நம்பியிருந்தால் இத்தகைய படைப்பு வால்பாறை வரை வந்திருத்தல் அரிது.

இனி, தீமைகளைக் காண்போர் முதலில் உணரவேண்டுவது ஒன்றுண்டு. பெரும்பாலான அங்காடிகளில் விலை கொடுத்தவர் பெறுவது பொருள் அன்று. அதனைப் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. படித்து முடித்த நூலை நண்பனுக்குத் தரலாம்; பழைய புத்தகக் கடையில் விற்கலாம். ஸ்டீம் கணக்கையோ விற்கவும் இயலாது. பிறர்க்கு மாற்றித் தரவும் இயலாது. ஒரே இல்லத்தார் அறுவர் வரை தம்முள் பகிர்ந்துகொள்ள மட்டும் 2024 முதல் வழி செய்யப்பட்டுள்ளது.

உரிமம் கைவிட்டுப் போதலும் உண்டு. 2014 இல் யூபிசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட ‘தி க்ரூ’ என்னும் பந்தய விளையாட்டு, அந்நிறுவனத்தின் கணினிகளோடு இணைந்தே இயங்குவது. 2024 மார்ச் 31 அன்று அவ்விணைப்பு நிறுத்தப்பட்டது. விலை கொடுத்தோர் அனைவரும், தகடாக வாங்கியோர் உட்பட, அதனை இழந்தனர்.

இஃது ஒருவர் பணத்தைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. உ. வே. சாமிநாதையர் ஊர்தோறும் ஏடு தேடியபொழுது, ஓரிடத்துச் சிதைந்த பகுதியை வேறிடத்து ஏடு நிரப்பிற்று. படிகள் பலர் இல்லங்களில் இருந்தமையாலன்றோ பழந்தமிழ் நூல்கள் பிழைத்தன! படி முழுதும் ஒருவர் பூட்டிய அறையில் இருப்பின், அவர் கதவை அடைத்த நாளே படைப்பும் மறையும்.

பொருள் இறங்குவதிலும் இடர் உண்டு. நூறு கிகாபைட் அளவுள்ள ஒரு விளையாட்டு, நொடிக்குப் பத்து மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் இறங்க ஏறத்தாழ 22 மணி நேரம் ஆகும். மழையால் இணைப்பு அறுபடும் மலையூரில் இது சிறு தொல்லை அன்று. படைப்போரும் விற்பனையில் 30 விழுக்காட்டைப் பொதுவாக ஸ்டீமுக்குச் செலுத்தவேண்டும். போட்டியாக வந்த எபிக் 12 விழுக்காடே கேட்டது.

இக்குறைகளுக்காக இணைய அங்காடியையே வெறுத்தல் அறிவுடைமை ஆகாது. அது மலையூர்க்குத் திறந்த வாயிலை அடைத்தலும் நன்றன்று. வேண்டுவது நேர்மையான விற்பனை. கலிபோர்னியா மாநிலம் 2025 தொடக்கத்தில் நடைமுறைப்படுத்திய சட்டம், உரிமத்தை விற்போர் அதனை உரிமம் எனத் தெளிவாக அறிவிக்குமாறு பணிக்கின்றது. அத்தகைய சட்டம் இந்நாட்டிற்கும் வேண்டும். ஜி.ஓ.ஜி. போல, பூட்டில்லாத படியை வாங்கியவர் கையிலேயே தரும் முறையும் பரவவேண்டும்.

வாங்கும் இளைஞர்க்கும் கடமை உண்டு. விலைக்குறைப்பைக் கண்டு மயங்காமல், தாம் பெறுவது உடைமையோ உரிமமோ என வினவியறிந்த பின்னரே பணம் செலுத்துதல் வேண்டும். பெற்றோர் உழைப்பில் வந்த பொருள் அவ்வினாவுக்கேனும் உரியதன்றோ?