சராசரி பாடம் நடத்தாது

கொடைக்கானலிலிருந்து மேல்மலைச் சாலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி ஆகிய ஊர்களைக் கடந்து செல்வோர் கேரள எல்லையை ஒட்டிய கிளாவரையை அடைவர். பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் அடுக்கு வயல்கள். அவற்றைச் சூழ்ந்த காடு. எலும்பைத் துளைக்கும் குளிர். இத்தகைய மலையூர்களின் பிள்ளைகளுக்கு இன்று வகுப்பில் ஆசிரியர் இருக்கிறாரா என்பதை யார் அறிவார்? எல்லாம் கணினியில் பதிவாகியுள்ளது என்பதே எங்கும் கிடைக்கும் விடை. அந்த விடையோடுதான் நமக்கு வழக்கு.

கணக்கே வேண்டாம் என்பார் பக்கம் நாம் இல்லை. தமிழகத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்டு 1 அன்றுள்ள மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன. உபரியாகக் காணப்படுவோர் பணிநிரவல் மூலம் தேவையுள்ள பள்ளிகளுக்கு அனுப்பப்படுகின்றனர். முறை சரியே. ஆனால் எதை எண்ணுகிறோம் என்பதில்தான் பிழை இருக்கிறது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். மலையூர்ப் பள்ளி ஒன்றில் 30 பிள்ளைகள் எனக் கொள்வோம். விகிதம் 1:15. நகரத்துப் பள்ளிகளே பொறாமை கொள்ளும் விகிதம்! ஆனால் வகுப்புகளோ 5. இருவரில் ஒருவர் பயிற்சிக்கோ, தேர்தல் பணிக்கோ, மருத்துவ விடுப்பிலோ சென்றுவிட்டால், ஐந்து வகுப்புகளும் ஒருவர் தலையில் விழுகின்றன. ஏட்டில் விகிதம் மாறவில்லை. வகுப்பிலோ பாடம் நின்றுவிட்டது.

இது ஓர் ஊரின் கதையன்று. நாட்டில் ஆசிரியர் எண்ணிக்கை முதன்முறையாக ஒரு கோடியைத் தாண்டியதாக 2024-25ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கல்வித் தகவல் அறிக்கை கூறிற்று. அதே ஆண்டின் கணக்கில் ஓராசிரியர் பள்ளிகள் 1,04,000க்கும் மேல். அவற்றில் பயில்வோர் ஏறத்தாழ 33 இலட்சம் பிள்ளைகள். கோடி என்னும் பெருமிதம் இந்த 33 இலட்சத்திற்கு என்ன ஆறுதல் தரும்? சராசரி எந்தப் பிள்ளைக்கும் பாடம் நடத்துவதில்லை.

இன்னொன்றையும் கேட்க வேண்டியுள்ளது. ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெறும் நாள், அவர் பணியேற்கும் நாளிலேயே பிறந்த தேதியைக் கொண்டு அறியக்கூடியது. தமிழகத்தில் ஓய்வு வயது 2020இல் 58லிருந்து 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்ந்தது. ஓய்வுகள் தள்ளிப்போயினவே அன்றி நீங்கிவிடவில்லை. 2022ஆம் ஆண்டில் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிகமாக நிரப்ப ஆணை பிறந்தது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. மழைக்காலம் வரும் என்று தெரிந்தும் கூரை வேயாதவன், நனைந்தபின் வானத்தைப் பழிக்கலாமா? பணிப்பதிவேட்டில் உறங்கிய தேதிகளை ஐந்தாண்டுகளுக்கு முன்பே கூட்டிப் பார்த்திருந்தால், இந்த அவசரத்திற்கு இடமேது?

“எண்கள் எதற்கு? ஆசிரியருக்கு அர்ப்பணிப்பு வேண்டும்” என்போர் நம்மிடையே பலர். கேட்க இனிய வாதம். ஆனால் அர்ப்பணிப்புள்ளவருக்கும் தங்க வீடு வேண்டும். நேரத்திற்குப் பேருந்து வேண்டும். அவர் பிள்ளைக்கும் பள்ளி வேண்டும். ஓர் ஊரில் ஆசிரியர்கள் சராசரியாக எத்தனை ஆண்டுகள் நிலைக்கிறார்கள், எத்தனை நாள்கள் வேறு பணிக்கு அழைக்கப்படுகிறார்கள், ஒருவர் மாறிச் சென்றபின் அவ்விடம் எத்தனை மாதம் காலியாகக் கிடக்கிறது என்ற மூன்றையும் பள்ளிவாரியாக எண்ணி வெளியிட்டால், குறை மனிதரிடமா ஏற்பாட்டிலா என்பது வெளிச்சமாகும். எண்ணாமல் அறிவுரை கூறுவது எளிது. அதனாலேயே அது மலிவானது.

இக்கேள்விகளை அரசிடம் மட்டும் கேட்டு நாம் அமைதியடைதல் நேர்மையாகாது. நம் நிர்வாகத்திலுள்ள உதவிபெறும் பள்ளிகளிலும் ஓய்வுத் தேதிகள் உண்டு, காலியிடங்களும் உண்டு. நிர்ணயத்தில் இடம் பறிபோகுமோ என்ற அச்சம் வரும்போது மட்டும் எண்ணிக்கையை நினைவுகூர்ந்து, மற்ற நாள்களில் மறந்துவிடும் வழக்கம் நமக்கும் அந்நியமன்று.

பொதுநிலையினராகிய நாம் செய்யக்கூடியது என்ன? அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் வகுப்புவாரியாக மாணவர் எண்ணிக்கையையும், கூடுதலாகத் தேவைப்படும் ஆசிரியரையும் மதிப்பிட்டு எழுதவேண்டும் என்பது 2010ஆம் ஆண்டின் மத்திய விதி. தலைமையாசிரியர் நீட்டிய தாளில் கையொப்பமிட்டுத் திரும்புவதோடு நம் கடமை முடிகிறதா? எந்த வகுப்பு, எந்தப் பாடம், எத்தனை நாள் ஆசிரியரின்றிக் கிடந்தது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவருவதற்குக் கணினி தேவையில்லை. எழுத்தறிந்த ஒரு தாய் போதும்.

மாவட்டத்தின் சராசரியைக் காட்டுவோரிடம் அந்தக் குறிப்பேட்டைக் காட்டுவோம். மேல்மலையின் கடைசி வகுப்பறையிலிருந்து எண்ணத் தொடங்கட்டும். மேலிடத்துக் கூட்டுத்தொகை தானே சரியாகும்.