நைட்ரஜன் விரியாதாம்!

ஊருக்கு வெளியே ஒரு பெட்ரோல் பங்க். காற்றடிக்கும் மூலையில் பல வருடங்களாக ஒரு பலகை தொங்குகிறது: ‘கோடையில் டயர் வெடிக்காது. நைட்ரஜன் சூட்டில் விரியாது.’ பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் வெளியூர் கார்கள் அதன் முன்னால் வரிசை கட்டுகின்றன. திருவண்ணாமலை அக்னித் தலம். வாயுத் தலம் காளத்தி. அதனால்தானோ என்னவோ, இங்கே காற்றைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் செல்லுபடியாகிறது.

சூட்டில் விரியாத வாயு கிடையாது. சார்லஸ் 1787-இல் கண்டறிந்து அச்சிடாமல் விட்டதை கே-லூசாக் 1802-இல் வெளியிட்டார். எந்த வாயுவானாலும் விரிவு ஒன்றுதான். டிகிரிக்கு ஏறக்குறைய 273-இல் ஒரு பங்கு. அவர் சோதித்தவற்றில் நைட்ரஜனும் உண்டு. பலகை எழுதியவருக்கு மட்டும் அது தனிச் சலுகை காட்டியிருக்கிறது.

இவர்கள் பயமுறுத்தும் விதம் எனக்குத் தெரியும். காலையில் 30 டிகிரி, 32 பவுண்டு. மத்தியானம் தார் ரோட்டில் டயர் 60 டிகிரி. சூடு இரண்டு மடங்கு, ஆகவே அழுத்தம் 64, டயர் டமால்! பிளஸ் ஒன் பரீட்சையில் இப்படி எழுதினால் முட்டைதான். செல்சியஸை அப்படியே போடக்கூடாது, 273 கூட்டிக் கெல்வினாக்க வேண்டும்: 303, 333. கேஜ் காட்டும் 32 என்பது வெளிக்காற்றுக்கு மேலே உள்ள அழுத்தம், அதோடு 14.7 சேர்த்தால் 46.7. டயரின் கன அளவு பெரிதாக மாறாது என்று வைத்து, 46.7-ஐ 333-ஆல் பெருக்கி 303-ஆல் வகுத்தால் 51.3. சேர்த்த 14.7-ஐக் கழித்தால் கேஜில் 36.6. ஏறியது நாலரைப் பவுண்டு சொச்சம். நைட்ரஜன் அடைத்தாலும் அதே நாலரை. டயர் செய்பவர்கள் இந்த ஏற்றத்தையும் கணக்கில் வைத்துத்தான் செய்கிறார்கள். சூட்டில் வெடிப்பது பெரும்பாலும் காற்று குறைந்து, சுவர் மடங்கி மடங்கிக் காய்ந்த டயர்தான்.

போகட்டும், சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். அதை இலவசமாக அடிக்கிறார்கள், மீதிக்குத்தான் காசு.

மெதுவாகக் கசியும், ஈரம் இருக்காது என்பார்கள். இருக்கட்டும், பலகையில் அதுவா எழுதியிருக்கிறது? விமானத்துக்கே நைட்ரஜன்தானாம். என் மாருதி ஓடுபாதையில் இறங்குவதில்லை.

போன சித்திரையில் டயர் ஒன்று முழுக்க இறங்கிப்போய், வேறு வழியில்லாமல் அங்கேயே நிறுத்தினேன். பையன் நைட்ரஜன் அடித்துப் பச்சை மூடியைத் திருகினான்.

“தம்பி, இறங்கின டயருக்குள்ள என்ன இருந்துச்சு?”

“ஒண்ணுமில்ல சார், காலி.”

காலி டயருக்குள்ளும் வெளியில் இருக்கும் அதே 14.7 பவுண்டு காற்று இருந்தது. அவன் ஏற்றிய 46.7-இல் அது மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு.

“வழியில குறைஞ்சா சாதாரணக் காத்து அடிச்சுக்கலாமா?”

“ஐயோ சார், ரெண்டையும் கலக்கவே கூடாது!”